அணையாத பிரதி

மே பதினேழு.
பிள்ளைகள் கொடியோடு கடலோரச் சாலையில் போகிறார்கள்.
ரவ்னா ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டுகிறாள்,
மீனைச் சுற்றி அடுப்பில் வைக்கிற அதே தாள்.
ஓரங்களுக்குக் கறுப்பு டேப்.
நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன்.

இன்று ராத்திரியிலிருந்து ஜூலைக் கடைசி வாரம்வரை
வரங்கர் நீருக்கு மேல்
சூரியன் இறங்கப் போவதில்லை.
ஊருக்கு அது திருவிழா.
அவளுக்கு நைட் ஷிஃப்ட்.

நாங்கள் இரட்டையர்.
பதினோரு நிமிடம் மூத்தவள்;
அதைச் சொல்லியே முப்பது வருஷம் வேலை வாங்கிவிட்டாள்.
ஒரே வயிறு, ஒரே தட்டம்மை, ஒரே சளி.
கன்னத்தில் சிவப்பு ஏறியது மட்டும் அவளுக்கு.
மூக்கின் இருபுறமும் சிறகு விரித்திருந்ததை
கிர்கெனெஸ் ஆஸ்பத்திரியில் பட்டாம்பூச்சி என்றார்கள்.
நண்டு என்றேன் நான்.
நண்டு ஆலையில் வேலை பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்.
விரல் கணுக்களை அது கவ்விய வாரத்தில்
நண்டேதான் என்றாள் அவளும்.

டாக்டர் ஹவுகன் ஒரு காகிதக் கோப்பையின் அடியில்
வரைந்து காட்டினாள்.
பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு.
கரு ஒரு கடுகளவுகூட ஆகாத நாட்களில்
ஒவ்வொரு செல்லும் ஒன்றைத் தூங்கவைக்கும்.
அப்பா கொடுத்ததா, அம்மா கொடுத்ததா,
குலுக்கல் சீட்டு.
நீளமான ஆர்என்ஏ நூலொன்று மேலே போர்த்த
அது சுருண்டு ஓரத்தில் ஒதுங்கிவிடும்,
ஆயுளுக்கும்.
"ஆயுளுக்கும்தான். ஆனால்" என்றாள்.

அந்த ஆனால்தான் என் அக்கா.

போர்வைக்குள்ளே ஒரு மரபணு
சில செல்களில் கண் மூடுவதில்லை.
டிஎல்ஆர்-7.
வைரஸின் ஆர்என்ஏவை மோந்து குரைக்கிற உணர்வி.
எனக்கு ஒன்று; அதுவே போதும்.
அவளுக்குச் சில செல்களில் இரண்டும் விழித்திருக்கின்றன.
செத்த செல் சிந்திய சொந்த நூலைக்கூட
அந்நியன் என்று ஊரை எழுப்புகின்றன.
மூட்டு எழுகிறது. தோல் எழுகிறது. சிறுநீரகம்
இன்னும் எழவில்லை; மூன்று மாதத்துக்கொரு முறை
குப்பியில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.
தன்னைப் போர்த்திய நூலையே
அது சந்தேகிக்கவும் கூடுமாம். ஆராய்கிறார்கள்.

"போர்வையைக் கடிக்கிற நாய்," ரவ்னா சிரித்தாள்.
"இதற்குப் போய் இவ்வளவு பெரிய படிப்பா?"

அணைக்க முடியாதா என்று கேட்டேன்.
டாக்டர் கோப்பையைத் திருப்பி வைத்தாள்.
சத்தத்தைக் குறைக்கலாம் என்றாள்.
மலேரியா மாத்திரை எழுதினாள்.
கொசு மேகமாய்த் திரிந்தும் மலேரியா இல்லாத எங்கள் ஊரில்
அதைத் தினமும் விழுங்குகிறவள் இவள் ஒருத்தி.
வருஷத்துக்கொரு முறை கண் பரிசோதனை.

நவம்பர் கடைசியில் சூரியன் போய்விடும்.
நான் சுருண்டுவிடுவேன்,
பாத்திரம் கழுவாமல், போன் எடுக்காமல்.
அப்போது கதவைத் தட்டுகிறவள் அவள்தான்.
"எழுந்திரு நீல்லாஸ், பகல் முழுக்க நமக்குத்தான்."
உறைந்த கரையில் முக்காட்டை இறக்கிவிட்டு நடப்பாள்,
தலைவிளக்கோடு,
கன்னம் வெறும் கன்னமாக.
பின்னால் போவேன். அவள் வேகத்துக்கு
எனக்கு மூச்சு வாங்கும்.

ராத்திரி வெயிலில் புற ஊதா அவ்வளவு இல்லை,
தாள் அவசியமில்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று.
ரவ்னா தலையாட்டினாள். தாள் வாங்கினாள்.

மணி ஒன்று.
தாளில் எங்கோ ஊசித் துளை.
மேஜைமேல் காசு அளவு வெளிச்சம்
அவள் கையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது.
டேப் தீர்ந்துவிட்டது.
காபிக் கோப்பையைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கிறாள்.
கோப்பையின் முதுகில் ஏறி
அது உட்கார்ந்துகொள்கிறது.